பல்லாங்குழிக்கு ஒரு பிளஞ்ச் பேஸ்

போன ஞாயிறு மதியம் பதினான்காவது குழியையும் தோண்டி முடித்து, காதடைப்பானைக் கழற்றித் திரும்பினால், கீழ்வீட்டு அம்மா படியில் நின்றுகொண்டிருந்தார்கள். சத்தத்துக்குச் சண்டை போட வந்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். பலகையைப் பார்த்ததும் "அளகுளி மணெயா?" என்று கன்னடத்தில் கேட்டுவிட்டு, மரத்தூளைத் தட்டிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் பாட்டி வீட்டிலும் ஒன்று இருந்ததாம். இரண்டு மாதச் சத்தத்துக்கு அன்றைக்குத்தான் மன்னிப்பு கிடைத்தது.

இரண்டு மாதம் என்பது வெட்கக்கேடுதான். பலகையை அறுத்து இழைத்துக் கொடுத்துவிட்டால் நல்ல தச்சர் ஒருவர் இரண்டே நாளில் முடித்துவிடுவார். எனக்கு ஒன்பது ஞாயிறு ஆனது. அதில் ஆறு ஞாயிறு, மரம் குடைகிற ரூட்டர் மெஷினைத் தூணில் மேலும் கீழும் நகர்த்துகிற அடித்தாங்கி, அதாவது பிளஞ்ச் பேஸ், எதற்காக இருக்கிறது என்பதைத் தப்பாகப் புரிந்துகொண்டதில் போனது.

இடம் பெங்களூரு ஸ்ரீராமபுரம். மூன்றாவது மாடிக்கு மேலே மொட்டை மாடியில் எட்டுக்கு ஆறு அடியில் ஒரு தகரக் கொட்டகை. அதில் ஒரு மேசை, ஒரு வைஸ், கையடக்க ரூட்டர் ஒன்று. கடைக்காரர்கள் இதை ட்ரிம்மர் என்பார்கள். மைக்கா ஒட்டிய பிறகு விளிம்பு சீவ எல்லா மர வேலைக்காரர்களிடமும் இருக்குமே, அதுதான். 710 வாட். வேகத்தை 10,000 முதல் 30,000 சுற்று வரை மாற்றலாம். வாங்கி மூன்று வருடமாக நானும் விளிம்பு சீவுவதற்கு மட்டும்தான் வைத்திருந்தேன்.

அத்தை திருவாரூர் பக்கத்திலிருந்து எங்களோடு வந்து இருக்க ஆரம்பித்த பிறகு பல்லாங்குழிப் பேச்சு வந்தது. ஊரில் இருந்த பலகையைச் செல் அரித்துவிட்டது. பிளாஸ்டிக்கில் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். நாலு ஆட்டம் ஆடிவிட்டு, "சோழி விழுற சத்தமே சரியில்லடா, டப்பாவுல கல்லு போட்ட மாதிரி இருக்கு" என்று ஓரமாக வைத்துவிட்டாள். அவளுக்கு வேண்டியது நடுவில் கீல் போட்டு மடிக்கிற மரப் பலகை. ஒரு பக்கம் ஏழு, இன்னொரு பக்கம் ஏழு. மூடினால் சோழி உள்ளேயே இருக்க வேண்டும்.

அளவை அன்றைக்கே எழுதிவிட்டேன், கடைசிவரை மாற்றவில்லை. ஒவ்வொரு பாதியும் 510 மி.மீ. நீளம், 95 அகலம், இழைத்த பிறகு 22 கனம். குழி விட்டம் 57. ஏன் 57 என்றால், ஹோல்-சா என்கிற வட்ட ரம்பத்தில் இரண்டேகால் இஞ்சு சைஸ் என்னிடம் இருந்தது, வேறு காரணம் இல்லை. மையத்துக்கு மையம் 68, ஆக இரண்டு குழிக்கு நடுவே 11 மி.மீ. மரம் மிஞ்சும். ஆழம் 14, அடியில் 8 மி.மீ. நிற்கும்.

முதல் ஞாயிறு, இருக்கிற சாதா பேஸிலேயே செய்து பார்த்தேன். சோதனைக்கு சில்வர் ஓக் மரத்துண்டு ஒன்றில் வட்டம் வரைந்து, ரூட்டரைச் சாய்த்துப் பிடித்து, சுழல்கிற பிட்டை (வெட்டுகிற முனையை) மெல்ல மரத்துக்குள் இறக்குவது. செய்யாதீர்கள். ஒரு விளிம்பு முதலில் கடிக்கிறது, கடித்ததும் மெஷின் தன் இஷ்டத்துக்கு ஓடுகிறது. குழிக்கு வால் முளைத்துவிட்டது. இரண்டாவது முயற்சியில் வால் இல்லை. ஆனால் வேலை முடிந்து தூக்கும்போது கை கொஞ்சம் சாய்ந்து, குழியின் உதட்டில் அரை இஞ்சுக்கு ஒரு வெட்டு விழுந்தது. உள்ளே போகிறபோது விழுந்த தப்பைத்தான் பெரிதாக எண்ணினேன். வெளியே வருகிறபோது விழுந்ததை அன்றைக்குக் கவனிக்கவே இல்லை.

நேராக இறங்க வேண்டும், அதற்கு பிளஞ்ச் பேஸ் வேண்டும். இப்படி முடிவுகட்டி அடுத்த சனிக்கிழமை பச்சை லைன் மெட்ரோவில் ஏறி கே.ஆர்.மார்க்கெட்டில் இறங்கினேன். எஸ்.ஜே.பி. ரோடு அங்கிருந்து நடக்கிற தூரம்தான். மோட்டார் கம்பெனியின் சொந்த பேஸ் விலை என் மெஷினின் பாதி விலைக்கு வந்தது. 65 மி.மீ. மோட்டாருக்குப் பொருந்துகிற பேர் இல்லாத அலுமினிய பேஸ் ஒன்று 3,200 ரூபாய். இரண்டு தூண், இரண்டு ஸ்பிரிங், பக்கத்தில் பூட்டுகிற கைப்பிடி, ஆழம் நிறுத்த ஒரு கம்பி, அந்தக் கம்பி வந்து உட்கார மூன்று படி உள்ள ஒரு சுழல் மேடை. மோட்டாரைக் கையோடு எடுத்துப் போயிருந்ததால் கடையிலேயே மாட்டிப் பார்த்தேன். இதை மட்டும் சரியாகச் செய்தேன். முதலில் எடுத்துக் கொடுத்த பேஸில் தூணுக்கும் ஓட்டைக்கும் நடுவே நல்ல ஆட்டம் இருந்தது. ஒரு கைப்பிடியை மட்டும் அழுத்தினால் முழு மோட்டாரும் சாய்ந்தது. மூன்றாவதாகக் கொடுத்தது பரவாயில்லை.

அதே கடையில் பிட்டும் வாங்கினேன். குழி, தட்டு தோண்டுவதற்கென்றே இருக்கிற பிட்டு இது: அடி தட்டை, ஓரம் மட்டும் உருண்டை. விட்டம் 19, வெட்டுகிற பாகத்தின் உயரம் 16, ஓர வளைவு கால் இஞ்சு, மேலே தண்டில் அதே 19 விட்டத்தில் ஒரு பேரிங். மரத்தின் மேல் வைக்கிற டெம்ப்ளேட் என்கிற அச்சுப் பலகையில் ஓட்டை இருக்கும், அதன் சுவரில் பேரிங் உருளும், கீழே பிட்டு அதே அளவுக்கு வெட்டும். 1,150 ரூபாய். தண்டு எத்தனை என்று கேட்டேன். "கால் இஞ்ச், ஆறு எம்.எம். எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றார் கடைக்காரர். ஒன்றில்லை. அந்த வேடிக்கை ஒன்பதாவது குழியில் வருகிறது.

பேஸை மாட்டி மேலும் கீழும் அழுத்திப் பார்த்தேன். தூணில் உரசல் இருந்தது. தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டேன். அன்றைக்கு வெண்ணெய் மாதிரி இறங்கியது. மறுநாள் அரைமணி நேரம் மரம் சீவிய பிறகு, எண்ணெயும் தூளும் சேர்ந்து சப்பாத்தி மாவு போலத் தூணில் ஒட்டிக்கொண்டு, பாதியில் நின்றுவிட்டது. கழற்றி, தின்னர் நனைத்த துணியால் துடைத்து, வீட்டிலிருந்த மெழுகுவர்த்தியைத் தூணில் தேய்த்துத் துணியால் பளபளக்க விட்டேன். அதன் பிறகு இன்றுவரை தொந்தரவு இல்லை.

அடுத்தது டெம்ப்ளேட். இங்கே போனது இரண்டு ஞாயிறு.

வீட்டில் 6 மி.மீ. பிளைவுட் கிடந்தது. அதில் ஹோல்-சாவால் ஓட்டை போட்டு, உப்புத்தாளால் சுவரைத் தேய்த்து, சில்வர் ஓக் மேலே டபுள் சைடு டேப்பில் ஒட்டினேன். ஆழத்தை முதலில் 4 மி.மீ. வைத்து, பிட்டை இறக்கிப் பூட்டி, சுவரை நோக்கி நகர்த்தினேன். பேரிங் எங்காவது தட்டும், தட்டும் என்று நகர்த்திக்கொண்டே இருக்கிறேன், தட்டவே இல்லை. குனிந்து பார்த்தால் டெம்ப்ளேட்டில் வட்டமே இல்லை, பலாக்கொட்டை வடிவத்தில் ஒன்று இருந்தது. பிட்டு டெம்ப்ளேட்டைத் தின்றுவிட்டது.

கொஞ்ச நேரம் பேரிங்கைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகு காகிதத்தில் பக்கவாட்டுப் படம் போட்டதும் தெரிந்தது. பேரிங் இருப்பது வெட்டும் பாகத்துக்கு மேலே. வெட்டும் பாகமே 16 மி.மீ. உயரம். ஆக, பேஸுக்குக் கீழே பிட்டு 16 மி.மீ.க்கு மேல் நீண்டால்தான் பேரிங்கின் கீழ்விளிம்பாவது டெம்ப்ளேட்டைத் தொடும். நான் வைத்தது டெம்ப்ளேட் 6, மரத்தில் 4, மொத்தம் 10. பேரிங் அந்தரத்தில் பேஸுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. டெம்ப்ளேட்டுக்கு நேராக இருந்தது வெட்டுகிற பல்.

அப்படியானால் டெம்ப்ளேட் கனமாக இருக்க வேண்டும். 18 மி.மீ. போட்டால்? முதல் வெட்டு சௌகரியமாக இருக்கும். ஆனால் கடைசியில் 18-உம் 14-உம் சேர்ந்து 32 மி.மீ. இறங்க வேண்டும். பிட்டு மொத்தமே 50 மி.மீ. நீளம். அதில் 20 காலெட்டுக்குள் (பிட்டின் தண்டைக் கவ்விப் பிடிக்கிற பாகம்) இருந்தே ஆக வேண்டும், மீதி 30. காலெட் நட்டு டெம்ப்ளேட் ஓட்டைக்குள் வந்துவிடும், வந்து சுவரை உரசும். பிளஞ்ச் பேஸ் 35 மி.மீ. இறங்கும் என்று பெட்டியில் போட்டிருப்பது ஸ்பிரிங்கின் கணக்கு. பிட்டு எவ்வளவு தூரம் எட்டும் என்பது வேறு கணக்கு.

12 மி.மீ.தான் தப்பித்தது. முதல் வெட்டு மரத்தில் 6; மொத்தம் 18; பேரிங் 2 மி.மீ. மட்டும் டெம்ப்ளேட்டைத் தொடும். கடைசி வெட்டு மரத்தில் 14; மொத்தம் 26; பேரிங் முழுதாக டெம்ப்ளேட் சுவரில் உட்காரும். எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) துண்டு 150 ரூபாய்க்கு, வீட்டுக்குப் பக்கத்திலேயே கிடைத்தது. பேஸுடன் ஒரு கைடு புஷ்ஷும் (பிட்டைச் சுற்றி நின்று டெம்ப்ளேட் சுவரை ஒட்டி ஓடுகிற வளையம்) வந்திருந்தது. அதன் உள்வாய் 10 மி.மீ., 19 மி.மீ. பிட்டு அதற்குள் நுழையாது. பெட்டியிலேயே இருக்கிறது.

டெம்ப்ளேட்டைப் பலகையைவிடப் பெரிதாகச் செய்வது முக்கியம். 95 மி.மீ. அகலப் பலகை மேல் ரூட்டரை வைத்தால் பாதி பேஸ் காற்றில் தொங்கும். 600க்கு 200 மி.மீ. எம்.டி.எஃப்.; அடியில் இரண்டு ரீப்பர், நடுவே பலகை சிக்கென்று உட்காரும் கால்வாய். ஏழு மையத்தையும் ஒரே கோட்டில் குறித்து, 3 மி.மீ. துளை போட்டு, அதற்கு மேல் ஹோல்-சா. ஹோல்-சா விடுகிற சுவர் கரடுமுரடு. பேரிங்குக்கு நல்லது கெட்டது தெரியாது, சுவரில் இருக்கிற மேடு பள்ளத்தை அப்படியே குழியில் படி எடுத்துவிடும். ஓட்டைக்குள் நுழைகிற பி.வி.சி. குழாய்த் துண்டில் 120 நம்பர் உப்புத்தாளைச் சுற்றி ஏழு ஓட்டையையும் தேய்த்தேன். ஒன்றரை மணி நேரம். அலுப்பான வேலைதான், ஆனால் குழிக்குள் பிறகு தேய்க்கிற வேலை பாதியாகக் குறைந்தது.

இனி இறக்க வேண்டியதுதான். மறுபடியும் சில்வர் ஓக்; பிட்டை நேராக இறக்கினேன். புகை. அடியில் நட்ட நடுவே கருகிய வட்டம். இந்த மாதிரிப் பிட்டுக்கு மையத்தில் பல் கிடையாது, ஓரத்தில்தான் வெட்டும். நேர் கீழே அழுத்தினால் நடுவில் மரத்தைத் தேய்த்துச் சுடுகிறது. பிளஞ்ச் பேஸ் இருந்தால் பிட்டைத் துளைப்பான் மாதிரி இறக்கலாம் என்ற என் நினைப்பு அந்தப் புகையோடு போனது.

எங்கள் தெரு மேஸ்திரி ஒருவர், தர்மபுரிக்காரர், சமையலறை அலமாரி வேலைக்குப் போகிற வழியில் மேலே ஏறி வந்து பார்த்தார். "நடுவுல இருக்கற மரத்த மொதல்ல எடுத்துடுங்க சார். கப்பு கீலு போடற 35 பிட்டு இருக்குல்ல, அத வெச்சு ஓட்டிட்டு அப்புறம் இத ஓட்டுங்க." அலமாரிக் கதவுக்குக் கீல் குழி போடுகிற பிட்டு, 220 ரூபாய். டிரில்லை ஸ்டாண்டில் மாட்டி ஒவ்வொரு வட்டத்துக்கும் நடுவே 12 மி.மீ. ஆழம் எடுத்தேன். அந்த பிட்டுக்கு நடுவில் ஒரு முள் உண்டு என்பதையும், அது மூன்று மி.மீ. முன்னால் போகும் என்பதையும் மறந்துவிட்டேன். 12-உம் 3-உம் 15. என் குழி 14. முடிந்த குழியின் அடியில் ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளி நின்றது. நல்லவேளை, அப்போதும் அது சில்வர் ஓக்தான். தேக்கில் 10 மி.மீ. மட்டும் எடுத்தேன். முள் 13-இல் நின்றது, பிட்டு அதைத் துடைத்துவிட்டது.

இப்போது ஒரு சங்கடமான கேள்வி. நடுவில் 35 மி.மீ. ஓட்டை இருக்கிறது. 19 மி.மீ. பிட்டு அதற்குள் மரத்தைத் தொடாமல் தாராளமாக நிற்கும். அப்படியானால் சாதா பேஸையே மாட்டி, பிட்டை ஓட்டைக்குள் வைத்து, பிறகு சுவிட்சைப் போட்டிருக்கலாமே? 3,200 ரூபாய் எதற்கு? மேஸ்திரியும் இதையேதான் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. வாங்கிவிட்டோமே என்றுதான் அதை மாட்டினேன். பதில் தேக்கில் கிடைத்தது.

தேக்கு வாங்கியது மைசூர் ரோடு டிம்பர் யார்டு லேஅவுட்டில். இடித்த வீட்டின் கதவுப் பலகை, ஒன்றேகால் இஞ்சு கனம், 1,300 ரூபாய். ஆணி இருக்கிறதா என்று காந்தத்தை இஞ்சு இஞ்சாக ஓட்டிப் பார்த்தேன், இரண்டு கிடைத்தது. இழைத்து 22 மி.மீ.க்குக் கொண்டுவர ஒரு முழு ஞாயிறு. தேக்கில் மணற்சத்து உண்டு. இழைப்புளியை மூன்று முறை தீட்ட வேண்டியிருந்தது. தூள் மூக்கில் ஏறினால் அன்றைக்குப் பூராவும் தும்மல். துணி முகமூடி போதாது, வடிகட்டி வைத்ததுதான் வேண்டும்.

ஆழம் வைத்த விதம் சொல்கிறேன், அளவுகோலை நம்பாதவர்களுக்கு உதவும். டெம்ப்ளேட்டை மாட்டி, மோட்டாரை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு, பிட்டு மரத்தைத் தொடும்வரை இறக்கிப் பூட்ட வேண்டும். அதுதான் பூஜ்ஜியம். இப்போது நிறுத்துகிற கம்பிக்கும் சுழல் மேடையின் மிகத் தாழ்ந்த படிக்கும் நடுவே 14 மி.மீ. டிரில் பிட்டின் தண்டைப் படுக்க வைத்து, கம்பியை அதன் மேல் இறக்கித் திருகினேன். தண்டை உருவினால் 14 மி.மீ. இடைவெளி கச்சிதமாக நிற்கும். மற்ற இரண்டு படியிலும் திருகை ஏற்றி இறக்கி 10, 6 மி.மீ. தண்டுகளை வைத்து அதேபோல. பேஸில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் அளவுகோல் என் கணக்கில் அரை மி.மீ. பொய் சொன்னது.

வேகம் 18,000 பக்கம். ஓட்டையின் நடுவே இறக்கி, பூட்டி, சுவரைத் தொட்டு, கடிகார முள் போகிற திசையில் ஒரு சுற்று. குழிக்குள் ஓட்டும்போது திசை இதுதான். மாறினால் பிட்டு கையை இழுத்துக்கொண்டு ஓடும். பூட்டை விட்டால் ஸ்பிரிங் மேலே தூக்கும். மேடையைத் திருப்பு, இறக்கு, சுற்று, விடு. இடையிடையே வீட்டு வேக்குவம் குழாயால் தூளை இழுக்க வேண்டும். டெம்ப்ளேட் சுவருக்கும் பேரிங்குக்கும் நடுவே தூள் நசுங்கினால் குழி அந்த இடத்தில் மட்டும் சுருங்கிப்போகிறது.

மூன்று குழி முடிந்ததும் மேஸ்திரிக்கு என்ன பதில் என்று தெரிந்துவிட்டது. சாதா பேஸில் ஒரு சுற்று முடிந்தால் மோட்டாரை அணைத்து, பிட்டு நிற்கும்வரை கை அசையாமல் காத்திருந்து, பிறகு தூக்க வேண்டும். அந்த நாலைந்து நொடியில்தான் கை சாயும், உதடு வெட்டுப்படும். பதினான்கு குழி, மூன்று ஆழம், நாற்பத்திரண்டு தடவை அப்படித் தப்பிக்க வேண்டும். பிளஞ்சில் கட்டை விரலை எடுத்தால் போதும், பிட்டு நேராக மேலே போய்விடும். பேஸ் பலகையை விட்டு அசைவதே இல்லை. இறங்குவதற்கு என்று வாங்கினேன். அதை 220 ரூபாய் கீல் பிட்டே செய்துவிட்டது. நான் காசு கொடுத்தது ஏறுவதற்கு.

ஐந்தாவது குழியில் இதற்குச் சாட்சியும் கிடைத்தது. இரண்டாவது ஆழத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. பழக்கத்தில் பூட்டை விட்டேன், பிட்டு மேலே வந்துவிட்டது. சுவிட்சை அணைக்க மறந்து, ரூட்டரை டெம்ப்ளேட் மேலேயே விட்டுவிட்டு, மற்ற வீடுகளிலும் இல்லையா என்று மாடி விளிம்புக்குப் போய் எட்டிப் பார்த்தேன். இரண்டு நிமிடத்தில் கரண்ட் வந்தது. பின்னால் ரூட்டர் தானாகக் கத்த ஆரம்பித்தது. என் மெஷினில் இருப்பது தள்ளுகிற சுவிட்சு, போட்டது போட்டபடி நிற்கும். பிட்டு மரத்தைத் தொடாமல் மேலே இருந்ததால் நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. சாதா பேஸாக இருந்திருந்தால் பலகையும் போயிருக்கும், அருகில் கை இருந்தால் கையும். இப்போது கரண்ட் போனால் முதலில் பிளக்கைப் பிடுங்குகிறேன்.

ஏழு குழி முடிந்து இரண்டாவது பாதி. இங்கே டெம்ப்ளேட்டை அப்படியே நகர்த்தி வைக்கக் கூடாது. மடிக்கும்போது குழிக்குக் குழி பொருந்த வேண்டுமானால் கீல் வருகிற விளிம்பிலிருந்துதான் இரண்டு பக்கமும் அளவு போக வேண்டும். என் ஓட்டைகள் நடுக்கோட்டிலிருந்து ஒரு மி.மீ. ஒதுங்கியிருந்தன. ஆகவே ரீப்பரைக் கழற்றி மறுபக்கம் அடித்து, டெம்ப்ளேட்டைத் தோசை மாதிரி புரட்டிப் போட்டேன். இடது முனை இடது முனையாகவே இருக்க வேண்டும்.

ஒன்பதாவது குழி. சத்தம் வேறு மாதிரி இருந்தது, கொஞ்சம் அடித்தொண்டையில். முடித்து வெர்னியரை விட்டால் ஆழம் 16.5. கம்பி நகரவில்லை, மோட்டாருக்கும் பேஸுக்கும் குறுக்கே நான் போட்டிருந்த பென்சில் கோடும் விலகவில்லை. பிட்டுதான் காலெட்டிலிருந்து வழுக்கிக் கீழே வந்திருந்தது. தண்டை அளந்தேன்: 6.0. என் காலெட் கால் இஞ்சு, அதாவது 6.35. சில்வர் ஓக்கில் இழுவை குறைவு, பிடித்துக்கொண்டது. தேக்கு உருவிவிட்டது. மெஷின் வந்த பெட்டியில் 6 மி.மீ. காலெட் ஒன்று மூன்று வருடமாகப் பிளாஸ்டிக் உறையோடு கிடந்தது. அதைப் போட்டு, தண்டை அடிவரை அமுக்காமல் இரண்டு மி.மீ. தூக்கிவைத்து இறுக்கினேன். மீதி ஐந்து குழியும் 14-க்கு மேல் போகவில்லை. ஒன்பதாவதுக்கு அடியில் 5.5 மி.மீ. மரம் மிச்சம். உடையாது, விட்டுவிட்டேன்.

கீல் சீக்கிரம் முடிந்தது. இரண்டு பித்தளைக் கீல், 180 ரூபாய். அதன் இரண்டு மி.மீ. பள்ளத்துக்குப் பிளஞ்சைக் கழற்றிவிட்டுச் சாதா பேஸ். விளிம்பிலிருந்து உள்ளே போகிற வேலைக்கு அது இலகு. எடை குறைவு, ஆட்டமே இல்லை. மூலையை உளியால் சதுரமாக்கினேன். ஆளிவிதை எண்ணெய் இரண்டு பூச்சு. துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாமல் கொடியில் விரித்துக் காயவிட வேண்டும், சுருட்டினால் தானே சூடேறித் தீப்பிடிக்கும்.

செலவு, ரூட்டரைக் கணக்கில் சேர்க்காமல்: பேஸ் 3,200, பிட்டு 1,150, கீல் பிட்டு 220, எம்.டி.எஃப். 150, தேக்கு 1,300, கீல் 180. எண்ணெய், தாள், டேப் எல்லாம் ஒரு 400. மொத்தம் 6,600. இந்தக் கணக்கை அத்தையிடம் சொல்லவில்லை.

ஒரு சாயங்காலம் அத்தையும் கீழ்வீட்டு அம்மாவும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். குழிக்கு ஐந்து புளியங்கொட்டை. நாலு சேர்ந்தால் 'பசு' என்று அத்தை அள்ள, கீழ்வீட்டு அம்மா கன்னடத்தில் ஏதோ ஆட்சேபிக்க, அரைமணி நேரம் விதிமுறைப் பேச்சுவார்த்தை. அது முடிந்து ஆட்டம் ஓடியது. அத்தை நடுவில் நிறுத்தி, ஒரு குழியில் விரலை விட்டுச் சுற்றினாள்.

"சத்தம் நல்லா இருக்குடா. ஆனா இது குழி இல்ல, கிண்ணி. அடி தட்டையா இருக்கு பாரு. கடைசிக் கொட்டை ஓரத்துல போய் ஒட்டிக்குது, நகத்தால நோண்ட வேண்டியிருக்கு. பழைய பலகையில ஒரே வழி வழிச்சா அத்தனையும் கைக்கு வந்துடும்."

உண்மைதான். பழையதில் குழி உள்ளங்கை மாதிரி வளைந்து இறங்கும். என் பிட்டின் ஓர வளைவு கால் இஞ்சு மட்டும். அதற்கு மேல் சுவர் செங்குத்து. ஆழம், விட்டம், இடைவெளி எல்லாம் மி.மீ. கணக்கில் பார்த்தவன், அள்ளுகிற விரலை அளக்கவில்லை. வளைவு பெரிதான பிட்டு கிடைக்கும்தான், ஆனால் அதன் விட்டமும் பெரிது, ஆறு மி.மீ. தண்டில் இந்தச் சின்ன மெஷினில் அதைச் சுழற்ற எனக்குத் தைரியம் இல்லை. அடுத்த பலகைக்கு, ரூட்டரால் 10 மி.மீ. வரை மட்டும் போய், மீதியை வளைந்த உளியால் கையில் எடுக்கப் போகிறேன். டெம்ப்ளேட்டை எம்.டி.எஃப்.க்குப் பதில் 12 மி.மீ. நல்ல பிளைவுட்டில் செய்வேன். பேரிங் ஓடி ஓடி எம்.டி.எஃப். ஓட்டையின் உதடு இப்போதே பஞ்சு மாதிரி ஆகிவிட்டது.

வளைந்த உளி மேஸ்திரியிடம் ஒன்று இருக்கிறதாம். வியாழக்கிழமை கொண்டுவருகிறேன் என்றிருக்கிறார். அதுவரை அத்தை ஒன்பதாவது குழி இருக்கிற பக்கத்தில்தான் உட்காருகிறாள். அதில் மட்டும் கொட்டை நிறையப் பிடிக்கிறதாம்.